ஜான் பேரி: பாண்ட் இசையமைப்பாளர் என்ற பெயருக்குள் அடங்குவாரா?

ஒலிச்சுவடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கே பின்னணி இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஜான் பேரியின் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. "ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு வாசித்தவர்தானே" என்பதோடு சரி. மனிதர் 5 ஆஸ்கர் வாங்கியவர். அந்த ஐந்தில் ஒன்றுகூட பாண்ட் படத்துக்கு இல்லை. 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தும் அவற்றில் எதற்கும் அவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட ஏறவில்லை. அதனால்தான் அவரைப் பற்றித் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரி நல்ல மெட்டுக்காரர் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவருடைய பெரிய திறமை, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனின் மனசு எந்த இடத்தில் இசையைக் கேட்கும், எந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் என்பதை அறிந்திருந்தது. அது அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது.

1933 நவம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். முழுப்பெயர் ஜான் பேரி பிரெண்டர்காஸ்ட். அப்பா ஜாக் சேவியர் பிரெண்டர்காஸ்ட், அயர்லாந்துக்காரர். இங்கிலாந்தின் வடபகுதியில் வரிசையாகச் சினிமா கொட்டகைகள் வைத்திருந்தார். யார்க்கில் ரியால்டோ அவருடையது. அம்மா பியானோ வாசிப்பவர். பையன் புரொஜெக்டர் அறையில் வளர்ந்தான். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கதை மறைந்து இசை எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்பது தானாகவே காதில் விழ ஆரம்பிக்கும். பத்து வயதைத் தாண்டியதுமே திரையிசைதான் தொழில் என்று முடிவு செய்துகொண்டவர் அவர்.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் பிரான்சிஸ் ஜாக்சனிடம் முறைப்படி இசை இலக்கணம் படித்தார். (அந்த ஆசிரியர் 104 வயதுவரை வாழ்ந்து 2022இல் மறைந்தார். மாணவரை விட 11 ஆண்டுகள் கூடுதலாக இருந்தார் என்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.) பிறகு கட்டாய ராணுவ சேவையில் சைப்ரஸ் போனவர் அங்கே டிரம்பெட் வாசித்தார். அங்கிருந்தபடியே அமெரிக்காவில் ஸ்டான் கென்டன் ஜாஸ் இசைக்குழுவின் இசைக்கோர்ப்பாளர் பில் ரூசோவிடம் தபால் வழியில் பாடம் கற்றார். ஒரு பக்கம் பேராலயம், இன்னொரு பக்கம் கென்டன் குழுவின் டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களின் முழக்கம். பின்னாளில் பேரியிடம் நாம் கேட்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான்.

1957இல் 'ஜான் பேரி செவன்' குழு. 1959இல் பிபிசியின் டிரம்பீட் நிகழ்ச்சி, அங்கே ஆடம் ஃபெய்த் என்ற பாடகருடன் கூட்டு. 'வாட் டூ யூ வான்ட்' பாட்டில் வயலின்களை வில் போடாமல் விரலால் சுண்டி வாசிக்க வைத்தார்; அது இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அதே ஃபெய்த் நடித்த 'பீட் கேர்ள்' (1960) தான் பேரியின் முதல் திரையிசை.

பாண்ட் கதையை வேறு யாராவது தொடங்குங்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

கித்தார்குமரன் எழுதியது:

அருமையான தொடக்கம் ஒலிச்சுவடு சார். பாண்ட் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கித்தார் கற்கும் எல்லோரும் எப்போதாவது அந்த மெட்டில் கை வைத்திருப்பார்கள்.

1962இல் 'டாக்டர் நோ' படத்துக்கு அமர்த்தப்பட்ட இசையமைப்பாளர் மான்டி நார்மன். தீம் இசை தயாரிப்பாளர்களுக்குத் திருப்தியாக வரவில்லை. பேரியைக் கூப்பிட்டார்கள். படத்தைப் பார்க்காமலேயே, சுமார் 250 பவுண்டு கூலிக்கு, நார்மனின் மெட்டை எடுத்து அவர் இசைக்கோர்ப்பு செய்து கொடுத்ததுதான் உலகம் அறிந்த ஜேம்ஸ் பாண்ட் தீம். கித்தார் வாசித்தவர் பேரியின் குழுவிலிருந்த விக் ஃபிளிக். வாத்தியம் 1939இல் செய்த கிளிஃபர்ட் எசெக்ஸ் கித்தார். விக் ஃபிளிக் 2024இல்தான் மறைந்தார்.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்காக அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். மேற்கத்திய ஈ சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடும் அந்த நெளிவு: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். இவ்வளவுதான். அரை சுரம் அரை சுரமாக ஏறி, ஒரு படி இறங்கி, திரும்ப ஏறுகிறது. எங்கேயும் போய்ச் சேராது. அதன் மேல் கித்தார் ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கும், அடுத்த முறை சாதாரண காந்தாரத்துக்கும் தாவித் திரும்புகிறது. மீட்டுவது தடித்த தந்திகளில், பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில், அழுத்தி. அதனால்தான் அந்த உலோகக் கடினம். கடைசியில் தனியாக ஒரு கித்தார் கார்டு (பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது) விழுகிறதே, அதில் சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் சேர்ந்து நிற்கின்றன. நம் காதுக்குக் கீரவாணி, கௌரிமனோகரி பக்கம் போகும் சேர்க்கை. முடிந்துவிட்டது என்றும் சொல்லாது, இன்னும் இருக்கிறது என்றும் சொல்லாது.

இன்னொரு செய்தி இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. அந்த கித்தார் மெட்டை நார்மன் முதலில் போட்டது வி. எஸ். நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' நாவலை வைத்து உருவாக இருந்த ஒரு இசை நாடகத்துக்கு. டிரினிடாட் இந்தியர்களின் கதை. அந்தப் பாட்டு சிதார் நடையில் இந்தியச் சாயலோடு இருந்தது. நாடகம் மேடையேறவில்லை, மெட்டு உளவாளிக்குப் போனது.

அப்படியென்றால் பாண்ட் தீம் யாருடையது? என் பதில்: சுரங்கள் நார்மனுடையவை, நாம் கேட்பது பேரியுடையது. அடியில் ஓடும் நெளிவும், நடுவில் வெடிக்கும் ஜாஸ் பகுதியும் பேரியின் கை என்பதற்கு அவருடைய அதற்கு முந்தைய இசைத்தட்டுகளே சாட்சி.

வெம்பிளிவாசி எழுதியது:

குமரன் தம்பி, நல்லாச் சொன்னீங்கள். ஆனா சட்டம் என்ன சொல்லுது எண்டதையும் பதிஞ்சு வைப்பம், ஏனெண்டா இந்த விசயத்தில கனபேர் பிழையாக் கதைக்கினம்.

மொன்டி நோர்மன் ஜோன் பரிக்கு எதிரா வழக்குப் போடேல்லை. 1997இல சண்டே டைம்ஸ் பத்திரிகை, தீமை உண்மையில எழுதினது பரிதான் எண்ட கருத்தில ஒரு கட்டுரை போட்டது. நோர்மன் அந்தப் பத்திரிகை மேலதான் அவதூறு வழக்குப் போட்டவர். 2001இல லண்டன் உயர்நீதிமன்றத்தில விசாரணை நடந்தது. பரி பத்திரிகைப் பக்கம் சாட்சி சொன்னவர். ஜூரி நோர்மனுக்குச் சார்பாத் தீர்ப்புச் சொல்லி 30,000 பவுண் நட்டஈடு குடுத்தது. படங்களில இண்டைக்கும் அந்தத் தீம் இசை மொன்டி நோர்மன் எண்டுதான் பேர் வருது. அவரும் 2022இல காலமாகிட்டார்.

எனக்கு இதில மனவருத்தம் என்னெண்டா, ரெண்டு பேருமே கடைசிக் காலத்தில அந்த ரெண்டு நிமிச இசைக்காக நீதிமன்றத்தில நிக்க வேண்டி வந்தது. பரியின்ர மற்ற வேலைகளைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில பத்திரிகையள் முழுக்க இதைத்தான் எழுதினவை. ஒலிச்சுவடு சொன்ன குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிச்சுவடு எழுதியது:

வெம்பிளி அண்ணா, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. தீர்ப்பை மதிக்கிறேன். என்னைக் கேட்டால், பாண்ட் உலகில் பேரியின் பங்கைப் பேச அந்தத் தீம் இசையே தேவையில்லை. அதை முழுசாக நார்மனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாலும் 'கோல்ட்ஃபிங்கர்' (1964) மிச்சம் இருக்கிறது.

அதற்கு முந்தைய 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் தலைப்புப் பாட்டு லயனல் பார்ட் எழுதியது, பின்னணி மட்டும் பேரி. கோல்ட்ஃபிங்கரில்தான் பாட்டும் பின்னணியும் ஒரே கைக்கு வந்தன. வரிகள் லெஸ்லி பிரிக்கஸ், ஆண்டனி நியூலி. குரல் ஷெர்லி பாஸி. தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மனுக்கு அந்தப் பாட்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. எடுத்துவிடாமல் விட்டதற்குக் காரணம் நேரமின்மைதான். அந்த இசைத்தட்டு 1965இல் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பீட்டில்ஸ் உச்சத்தில் இருந்த காலம் அது!

கவனிக்க வேண்டியது பாட்டின் புகழை அல்ல. அந்தப் பாட்டின் முதல் இரண்டு சுரங்களையே எடுத்துப் படம் முழுக்க விதைக்கிறார். வில்லனின் கையாள் வந்தால் அந்த இரண்டு சுரம், தங்கம் தெரிந்தால் அந்த இரண்டு சுரம். பாட்டைத் தலைப்போடு விட்டுவிடாமல் கதைக்குள் ஓட வைத்தார். பின்னால் வந்த பாண்ட் படங்கள் எல்லாமே இந்த வழியைத்தான் பின்பற்றப் பார்த்தன.

'தண்டர்பால்' பாட்டின் கடைசி உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்ததில் டாம் ஜோன்ஸுக்குத் தலை சுற்றி மயக்கமே வந்துவிட்டது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு நேர் எதிராக 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969). அங்கே லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுகிறார். அப்போது நோயிலிருந்து எழுந்து வந்திருந்தார், டிரம்பெட் ஊதும் நிலையில் இல்லை. நமக்கு எல்லா நேரமும் இருக்கிறது என்ற பொருளில் ஹால் டேவிட் எழுதிய வரிகள். கதையில் பாண்டின் மனைவி திருமணமான சற்று நேரத்திலேயே சுடப்படுகிறாள். பாடுபவரோ இரண்டு ஆண்டில் மறையப்போகிறவர். பலமான குரல் ஒன்றைத் தேடாமல், தேய்ந்துபோன குரலைத் தேடிப் போனாரே, அந்த முடிவுக்காகவே பேரியைக் கும்பிடலாம்.

சந்தூர்பிரியை எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் ஓடி வந்தேன். 'இப்க்ரஸ் ஃபைல்' (1965) பற்றி யாரும் சொல்லவில்லையே!

அதற்கும் தயாரிப்பாளர் அதே சால்ட்ஸ்மன். நாயகன் ஹாரி பாமர், மைக்கேல் கெய்ன் நடித்தது. இதுவும் உளவாளிதான், ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உளவாளி. கண்ணாடி போட்டவன், மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறவன். தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அலாரம் அடிக்கிறது, கண்ணாடி இல்லாமல் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, தடவி எடுத்துப் போடுகிறான், காபிக்கொட்டையை அரைக்கிறான். இந்த அன்றாட வேலைகளின் மேல் பேரி என்ன வைத்தார் தெரியுமா? சிம்பலம்.

நம் சந்தூருக்குச் சொந்தக்கார வாத்தியம். தந்திகளைச் சின்னக் கோல்களால் தட்டி வாசிப்பது. ஹங்கேரி நாட்டார் இசையில் ஊறியது. இந்தப் படத்துக்கு வாசித்தவர் ஜான் லீச். சந்தூர் வாசிப்பவள் என்பதால் எனக்கு அந்த ஒலி பழக்கம்: தட்டிய பிறகு சுரம் உடனே அடங்காது, அடுத்ததன் மேல் படிந்து கலங்கும். வாசிப்பவர் நிறுத்தினாலும் தந்தி நிறுத்தாது. பேரி அந்தக் கலங்கலைத்தான் பயன்படுத்தினார். சமையலறையில் ஒருவன் காபி போடுகிறான். இசையோ யாரோ இவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது. கூடவே தாழ்ந்த புல்லாங்குழல், மெல்லிய ஜாஸ். அடித்து முழக்கும் பித்தளை கிடையாது.

கோல்ட்ஃபிங்கர் வந்த அடுத்த ஆண்டே இது! உலகமே பாண்ட் இசையை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, அதைக் கண்டுபிடித்தவர் தன் வெற்றியைத் தானே நகலெடுக்கவில்லை. ஒலிச்சுவடு அண்ணாவின் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று இருக்காது.

நேர்நிறை எழுதியது:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன். கோபிக்க வேண்டாம்.

1960களின் பேரியை நானும் வியக்கிறேன். சிம்பலம், மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம், ஹார்மோனிகா என்று படத்துக்குப் படம் புதுசு. 1980க்குப் பிறகு? 'சம்வேர் இன் டைம்', 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா', 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்', எல்லாமே மெதுவாக நகரும் வயலின் பரப்பு, அடியில் ஹார்ன், நாலு நாலு அளவாக ஒரு சொற்றொடர், அதையே இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்தப் படம் என்று பிரிப்பது சிரமம். வேகம் என்பதே காணோம். 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' படத்திலிருந்து விலகினார், 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படத்தில் அவருடைய இசை பயன்படவில்லை, தாமஸ் நியூமன் வந்தார். ஹாலிவுட்டே ஒரு கட்டத்தில் அவரைத் தாண்டிப் போய்விட்டது என்றுதானே பொருள்?

ஒலிச்சுவடு எழுதியது:

நேர்நிறை, கோபமே இல்லை. இந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

மெதுவாகிவிட்டார் என்பது உண்மை. ஆனால் மெதுவை எங்கே வைத்தார் என்று பாருங்கள். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' (1985) 160 நிமிடப் படம். இயக்குநர் சிட்னி போலக் முதலில் ஆப்பிரிக்க மண்ணிசையைப் போட்டுப் பார்த்தார். பேரியின் எண்ணம் வேறு: இது அந்த மண்ணின் கதை அல்ல, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அந்த மண்ணைக் காதலோடு பார்த்த கதை, இசை அவள் மனசிலிருந்து வரவேண்டும். போலக் ஒத்துக்கொண்டார். படத்தின் நீளத்துக்கு இசை குறைவுதான். பெரும்பகுதி காற்றும் பேச்சும், மோட்சார்ட் கிளாரினெட்டுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவும்தான்.

அந்த விமானக் காட்சி வருகிறதே. மஞ்சள் நிறச் சின்ன விமானம், முன்னால் மெரில் ஸ்ட்ரீப், பின்னால் ராபர்ட் ரெட்ஃபோர்ட். கீழே ஏரியில் ஃபிளமிங்கோக் கூட்டம் எழும்புகிறது. வசனம் கிடையாது. விமானத்தின் வேகத்துக்கும் பறவைகளின் சிறகடிப்புக்கும் எந்த இசையமைப்பாளரும் துள்ளல் போட்டிருப்பார். பேரியின் வயலின்கள் அவசரமே படவில்லை. ஒரு சுரத்தில் நின்று, மூச்சு விட்டு, அடுத்ததுக்குப் போகின்றன. பிறகு அவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுகிறாள், அவன் பிடித்துக்கொள்கிறான். அந்தக் கை நீளும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதென்றால், அதற்கு முன்பே இசை நம் மூச்சை நிதானப்படுத்தி வைத்துவிட்டது என்பதால்தான்.

'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' (1990) காட்டெருமை வேட்டையும் அப்படியே. குதிரைகள் பறக்கின்றன, மண் அதிர்கிறது, பேரி போட்டதோ அகலமான, நின்று நிதானிக்கும் மெட்டு. ஓட்டத்தை நம் கண் பார்த்துக்கொள்ளும். அந்த ஓட்டத்தின் பெருமிதத்தைக் காது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988இல் உடம்புக்கு நல்லது என்று குடித்த ஒரு பானம் ஒவ்வாமல் அவருடைய உணவுக்குழாய் கிழிந்தது. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். இரண்டு ஆண்டுகள் வேலையே இல்லை. பிழைத்து எழுந்து வந்து முதலில் எழுதிய பெரிய வேலை இந்தப் படம். அதற்குத்தான் ஐந்தாவது ஆஸ்கர். அந்த மெட்டில் இருக்கும் விசாலத்தை, சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவனின் விசாலமாகத்தான் நான் கேட்கிறேன்.

வெம்பிளிவாசி எழுதியது:

நேர்நிறை சொன்ன 'சம்வேர் இன் டைம்' (1980) பற்றி நானும் ஒரு சொல் சொல்லவேணும். கிறிஸ்டோபர் ரீவும் ஜேன் சீமோரும் நடிச்ச படம். சின்ன பட்ஜெட். பரியின்ர வழமையான சம்பளத்தை அவையால குடுக்க ஏலாது. ஜேன் சீமோர் பரிக்குச் சிநேகிதி, அவதான் கேட்டவ. பரி இசைத்தட்டு விற்பனையில பங்கு எண்டு பேசிக்கொண்டு வந்து செய்தவர். அந்த நேரம்தான் அவருக்குத் தாயும் தகப்பனும் கொஞ்ச இடைவெளியில அடுத்தடுத்துத் தவறினவை.

படம் தியேட்டரில ஓடேல்லை. ஆனா பிறகு தொலைக்காட்சியில திரும்பத் திரும்பப் போட்டு, சனம் அதில பைத்தியமாகி, அந்த இசைத்தட்டு பரியின்ர ஆகக் கூட விற்ற தட்டுகளில ஒண்டாகிட்டுது. கதையில ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின்ர பகானினி ரப்சடி எண்ட இசையில பதினெட்டாவது பகுதி முக்கியமா வருது. உலகத்தில ஆகவும் இனிமையான மெட்டுகளில ஒண்டு அது. அதுக்குப் பக்கத்தில தன்ர மெட்டை வச்சும் சின்னதாப் போகாமப் பாத்துக்கொண்டாரே, அது லேசுப்பட்ட வேலையே?

எல்லாம் ஒரே மாதிரி எண்டு நேர்நிறை சொல்றது காதுக்குச் சரியாத்தான் படும். ஆனா தாய் தகப்பன் போன கவலையில எழுதினதையும், சாவில இருந்து எழும்பி வந்து எழுதினதையும் நான் ஒரே தட்டில வைக்கமாட்டன்.

நேர்நிறை எழுதியது:

வெம்பிளி அண்ணா, ஒலிச்சுவடு, இரண்டு பேருக்கும் நன்றி. விமானக் காட்சியை நீங்கள் விளக்கியதை ஏற்கிறேன். அந்த இடத்தில் வேறு எந்த வேகமும் பொருந்தாது. ஆனால் ஒரே மருந்தை எல்லா நோயாளிக்கும் கொடுத்தார் என்ற என் எண்ணம் மாறவில்லை. 'சாப்ளின்' (1992) படத்தில் சாப்ளினின் துறுதுறுப்பு எங்கே? துயரம் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, சரி. எனக்கு அங்கே பாதி மனிதர்தான் கேட்கிறார்.

1968இன் 'தி லயன் இன் வின்டர்' மாதிரி ஒன்றை அவர் பிறகு எழுதவில்லை என்பதே என் வருத்தம். அதைப் பற்றி யாராவது எழுதுங்கள். எனக்கு அவருடைய உச்சம் அதுதான்.

சந்தூர்பிரியை எழுதியது:

நான் எழுதுகிறேன் நேர்நிறை. அதில் நாம் ஒரே கட்சி.

1183ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ், பிரான்ஸில் ஷினோன் கோட்டை. இரண்டாம் ஹென்றி மன்னர், சிறையில் வைத்திருந்த மனைவி எலினாரைப் பண்டிகைக்காக மட்டும் வெளியே வரவழைக்கிறார். மூன்று மகன்கள், யாருக்குப் பட்டம் என்ற சண்டை. பீட்டர் ஓ'டூல், கேத்தரின் ஹெப்பர்ன். சரித்திரப் படம் என்றால் அந்தக் காலத்து வழக்கம் எக்காளம், ஊர்வலம், பிரம்மாண்டம். பேரி லத்தீன் வரிகளை வைத்துச் சேர்ந்திசைக் குழுவைப் பாட வைத்தார். டைட்டிலில் கல்லில் செதுக்கிய கோர முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன; கீழே முரசு அதிர, பித்தளை உறும, குரல்கள் எழும்புகின்றன. ஆலயப் பாட்டு ஆறுதல் தரும் என்று நினைத்தவர்களுக்கு அது தண்டனைத் தீர்ப்பு மாதிரி கேட்கும்.

பிறகு எலினாரின் வருகை. படகில், முக்காடும் கிரீடமுமாக நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறாள். அதற்குப் பெண் குரல்கள். உயரத்தில், தெளிவாக, குளிர்ந்து. வருபவள் கைதி, இசையோ அவளை ராணி என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் படத்தின் கதையே.

பேராலயத்து ஆசிரியரிடம் கற்றதை அவர் முழுசாகச் செலவழித்த இடம் இதுதான் என்பேன். வசனம் மிகுந்த படம் என்பதால் வசனத்தின் அடியில் இசையைப் பெரும்பாலும் ஓட விடவில்லை. பேச்சு நின்ற இடத்தில்தான் குரல்கள் அதிகம் வருகின்றன.

கித்தார்குமரன் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல், நம்ம ஊர்க்காரர் வருவதால்.

'ஆக்டோபஸி' (1983) பேரி இசையமைத்த பாண்ட் படம், உதய்பூரில் எடுத்தது. சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் உதவியாளராக நடித்தார். பாண்ட் வந்து இறங்கும்போது பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்திருப்பார். மகுடியில் அவர் ஊதுவது வேறெதுவும் இல்லை, ஜேம்ஸ் பாண்ட் தீமேதான்! அதைக் கேட்டு பாண்ட் இவர்தான் நம் ஆள் என்று புரிந்துகொள்கிறார். நைபாலின் பிஸ்வாஸுக்காகப் பிறந்த மெட்டு இருபது வருஷம் கழித்து மகுடியில் இந்தியாவுக்கு வந்த கணக்கு.

அப்புறம் 'மிட்நைட் கவ்பாய்' (1969). பெரிய நகரத்தில் தனியாக நடக்கும் ஒருவனுக்கு ஹார்மோனிகா. வாசித்தவர் பெல்ஜியத்தின் டூட்ஸ் தீல்மன்ஸ். அந்தத் தீம் பேரிக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது. அடுத்து 'வாக்அபவுட்' (1971), ஆஸ்திரேலியப் பாலை. இவையெல்லாம் தேடிக் கேளுங்கள்.

புதுக்காது எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாண்ட் தீம் தவிர பேரியிடம் எதுவும் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? 'பார்ன் ஃப்ரீ' ஆஸ்கர் வாங்கியது என்கிறார்களே, அது எப்படி? பேரிக்குப் பிறகு பாண்ட் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்களேன்.

ஒலிச்சுவடு எழுதியது:

வாருங்கள் புதுக்காது.

முதலில் 'பார்ன் ஃப்ரீ' (1966). எல்சா என்ற சிங்கக்குட்டியை வளர்த்துக் காட்டில் விட்ட தம்பதியின் கதை. ஒரே படத்துக்கு இரண்டு ஆஸ்கர்: பின்னணி இசைக்கும் பாட்டுக்கும். வரிகள் டான் பிளாக், பாடியவர் மாட் மன்ரோ. தயாரிப்புத் தரப்புக்குப் பாட்டு பிடிக்காமல் பிரதிகளிலிருந்து எடுத்தே விட்டார்கள். அமெரிக்காவில் அது தனியாகப் பிரபலமானதும் திரும்ப ஒட்டினார்கள். ஒட்டாமல் போயிருந்தால் பாட்டுக்கான விருதுப் போட்டிக்கே வந்திருக்காது. கோல்ட்ஃபிங்கர் கதையும் இதுவும் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்தீர்களா? பேரியின் நல்ல பாட்டுகள் பல, முதலில் யாரோ ஒரு முதலாளிக்குப் பிடிக்காமல் போனவை.

பாண்டுக்கு அவர் கடைசியாகச் செய்தது 'தி லிவிங் டேலைட்ஸ்' (1987). இறுதியில் இசைக்குழுவை நடத்துபவராகத் திரையிலேயே தோன்றுவார், பார்க்கத் தவறாதீர்கள். அதற்கு முந்தைய 'எ வியூ டு எ கில்' (1985) பாட்டு, டூரன் டூரன் குழுவோடு சேர்ந்து செய்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1990களில் டேவிட் அர்னால்ட் என்ற இளைஞர் பழைய பாண்ட் பாட்டுகளைப் புது நடையில் பதிவு செய்து வெளியிட்டார். அதைக் கேட்ட பேரி, தயாரிப்பாளர் பார்பரா பிராக்கோலியிடம் இவரைக் கவனியுங்கள் என்று சொன்னார். 'டுமாரோ நெவர் டைஸ்' (1997) முதல் ஐந்து படங்கள் அர்னால்டுக்கு. தன் இடத்தில் உட்காரப்போகிறவரைத் தானே கைகாட்டும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

கேட்கும் வரிசைக்கு என் யோசனை: முதலில் இப்க்ரஸ் ஃபைல், அடுத்த நாள் லயன் இன் வின்டர், அப்புறம் அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா. தனியாக இசையை மட்டும் கேட்காதீர்கள், படத்தோடு பாருங்கள். அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் 'தி பியாண்ட்னஸ் ஆஃப் திங்ஸ்' (1998). எந்தப் படத்துக்கும் அல்லாமல் அவர் தனியாக எழுதிய தொகுப்பு அது.

வெம்பிளிவாசி எழுதியது:

புதுக்காது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ: 2001இல வந்த 'எனிக்மா', இரண்டாம் உலகப்போரில இரகசியக் குறியீடு உடைச்ச பிளெச்லி பார்க் பற்றினது. அதுதான் அவர் இசையமைச்ச கடைசித் திரைப்படம். 1999இல ஓபிஇ எண்ட பிரித்தானிய அரச விருது, 2005இல பிரித்தானியத் திரைப்பட அக்கடமியின்ர பஃப்டா பெலோஷிப் கிடைச்சது. 2011 ஜனவரி 30ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில ஒய்ஸ்டர் பேயில மாரடைப்பில காலமானவர், 77 வயசு. அந்த வருசம் ஜூனில றோயல் அல்பேர்ட் ஹோலில நினைவுக் கச்சேரி வச்சவை. ஷேர்லி பாஸி வந்து பாடினவ.

நேர்நிறை எழுதியது:

புதுக்காதுவுக்கு என் பங்குக்கு ஒன்று: 'ஜூலு' (1964). ஒலிச்சுவடு தொடக்கத்தில் சொன்ன கட்சிக்கு வலுவான ஆதாரத்தை அவரே மறந்துவிட்டார் போலிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் நடந்த சண்டை பற்றிய போர்ப்படம், ஆனால் பேரியின் இசை சொற்பம். மலைக்கு அப்பாலிருந்து ஜூலு வீரர்கள் வரும்போது முதலில் ஆளே தெரிய மாட்டார்கள். கேடயத்தில் ஈட்டி தட்டும் சத்தம்தான் வரும், ரயில் வருகிறது போல. அங்கே இசைக்குழு மூச்சு விடாமல் ஒதுங்கி நிற்கிறது.

ஒலிச்சுவடு எழுதியது:

மறக்கவில்லை நேர்நிறை, நீங்கள் சொல்வீர்கள் என்று விட்டுவைத்தேன். ஜூலுவில் அவர் தீம் இசைக்கு அந்த மக்களின் பாட்டுகளையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி நீங்கள் தனி இழை தொடங்குங்கள். டைட்டில் இசையிலிருந்து ஆரம்பிக்கலாம். சந்தூர்பிரியையும் குமரனும் தாளத்தைப் பிரித்துச் சொல்லட்டும். நான் வார இறுதிக்குள் படத்தை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன்.